இருபது வாட்: ஒரு இலக்கமும் ஒரு சின்ன அறையும்

சவுண்ட் செட் வாங்கப் போன எல்லாருக்கும் பி.எம்.பி.ஓ. என்ற நாலெழுத்துப் பழக்கம். ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி, முன்னால் நீல லைட், மேலே பளபளக்கிற ஸ்டிக்கரில் 2000 வாட். "நல்ல பவர் தம்பி, ரோட்டுக்குக் கேக்கும்" என்பார் கடைக்காரர். 2000 வாட் என்றால் இரண்டு அயன் பொக்ஸ் ஒரே நேரத்தில் இழுக்கிற மின்சாரம். அந்தப் பெட்டியின் பிளக் வயரோ மேசை லாம்பின் வயரைவிடத் தடிப்பில்லை. கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்களுக்கே இது எங்கேயோ உதைக்குது.

பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தப் பொய்க்கு ஒரு வரலாறு இருக்கு. அதில் ஒரு அரசாங்கம் சட்டம் போட்டுத் தலையிட்ட கட்டம் ஒன்று வருது. எல்லாரும் நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டிருந்தபோது வெறும் 20 வாட்டோடு வந்து நின்ற ஒரு அம்ப்ளிபயரும் வருது. போர்டிங் அறையிலோ, வீட்டில் தனக்கென்று கிடைத்த பத்துக்குப் பன்னிரண்டு அடியிலோ ஒழுங்காகப் பாட்டுக் கேட்க ஒரு அம்ப் தேடுகிற ஆக்கள், விலையைக் கேட்க முதல் இந்த வரலாற்றைக் கேட்டால் கொஞ்சக் காசு மிஞ்சும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்குவோம். பாட்டு வருகிற இடம் எதுவானாலும், இசைத்தட்டோ போனோ, அதிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சைகை. அதில் எதைக் கேட்பது, எவ்வளவு சத்தம், பேஸ் கூட்டவா குறைக்கவா என்று தீர்மானிக்கிற பகுதி ப்ரீ-அம்ப். ஸ்பீக்கரின் கூம்பை உண்மையில் தள்ளி இழுக்கிற பலத்தைக் குடுக்கிறது பவர் அம்ப். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் அது இன்டகிரேட்டட் அம்ப்ளிபயர். இன்றைக்கு இது சாதாரணம். ஒரு காலத்தில் இரண்டும் தனித்தனிப் பெட்டிகள்.

அந்தக் காலம் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் தொடங்குது. 1945 இல் ஹரோல்ட் லீக் 'பொயின்ற் வன்' என்ற அம்ப்ளிபயரை அறிமுகப்படுத்தினார். பெயரே அதன் பெருமை: சத்தத்தில் சேர்கிற திரிபு வெறும் 0.1 வீதம். 1947 இல் டி.ரி.என். வில்லியம்சன் என்ற பொறியியலாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு அம்ப்ளிபயரின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார். யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம். செய்தார்கள், பல நாடுகளில். 1953 இல் பீற்றர் வோக்கரின் 'குவாட் 2' வந்தது. மூன்றும் வால்வ் அம்ப்ளிபயர்கள். மூன்றும் கிட்டத்தட்ட 15 வாட்.

இந்த 15 ஐ நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இவை ஏழைகளின் சாமான்கள் இல்லை, அந்தக் காலத்தின் உச்சம். 15 வாட்டோடு முழு ஒர்க்கெஸ்ட்ராவை வீட்டு முன்னறையில் கேட்டு மனிதர்கள் திருப்திப்பட்டார்கள். அது எப்படி என்றால், அந்தக் கால ஸ்பீக்கர்கள் அலுமாரி அளவில் இருந்தன. கொஞ்ச மின்சாரத்தைக் குடுத்தாலே நிறையச் சத்தம் தந்தன.

பிறகு மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

ஸ்டீரியோ வந்தது. அதன் அடிப்படைக் காப்புரிமைக்கு அலன் புளூம்லைன் 1931 இலேயே விண்ணப்பித்திருந்தாலும், ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958 இல். இப்போது எல்லாம் இரண்டு வேணும்: இரண்டு பவர் அம்ப், இரண்டு ஸ்பீக்கர். வீட்டில் பெட்டிகள் பெருகின. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்ட இன்டகிரேட்டட் அம்ப்புக்குத் தேவை வந்தது அப்போதுதான்.

டிரான்சிஸ்டர் வந்தது. 1963 இல் லீக் கொம்பனி 'ஸ்டீரியோ 30' ஐ வெளியிட்டது. முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன ஆரம்பகால ஸ்டீரியோ இன்டகிரேட்டட் அம்ப்புகளில் அது ஒன்று. வால்வின் சூடு இல்லை, ஸ்பீக்கருக்கு முன்னால் பாரமான ட்ரான்ஸ்போமர் வேண்டியதில்லை. போகப்போக வாட்டின் விலை விழுந்தது.

மூன்றாவது, ஸ்பீக்கர் சிறுத்தது. 1954 இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இறுக்கி மூடிய சின்னப் பெட்டிக்குள் ஆழமான பேஸ் கிடைக்கும் என்று 'ஏ.ஆர். 1' ஐச் செய்து காட்டினார். புத்தக ராக்கையில் வைக்கக்கூடிய அளவு. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். வில்ச்சர் முதல் இரண்டையும் எடுத்தார். மூன்றாவதை அம்ப்ளிபயரின் தலையில் கட்டினார். அம்ப் வாட்டுக் கூட வேண்டும் என்பதற்கு உண்மையான நியாயம் ஒன்று இருந்ததை மறைக்கத் தேவையில்லை. நியாயம் முடிகிற இடத்தில் விளம்பரம் தொடங்கியது என்பதுதான் கதை.

வாட்டை எப்படி ஊதிப் பெருப்பிக்கலாம் என்று பாருங்கோ. ஒரு பக்கத்துக்கு 20 வாட் தருகிற அம்ப் ஒன்றை எடுப்போம். இரண்டு பக்கத்தையும் கூட்டிச் சொன்னால் 40. சராசரியை விட்டு அலையின் உச்சிக் கணத்தை மட்டும் எடுத்தால், கணிதப்படி அது சராசரியின் இரண்டு மடங்கு: 80. தொடர்ச்சியாக இல்லாமல் ஒரு இமைப்பொழுதுக்கு மட்டும் அளந்தால் இன்னும் கூடும். திரிபு 10 வீதம் வரை போகட்டும், பரவாயில்லை என்றால் இன்னும் கூடும். ஒரு படியிலும் முழுப்பொய் இல்லை. ஏணி முடிகிற இடத்தில் 20 வாட் பெட்டி நூறைத் தாண்டி நிற்கும். 1960களின் அமெரிக்க விளம்பரங்களில் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஓடியது இந்த ஏணிதான். பி.எம்.பி.ஓ. அதே ஏணியில் கடைசிப் படி, அதற்கு ஒரு பொது வரைவிலக்கணமே கிடையாது. 2000 என்று போட்டவரை எந்த அளவுகோலை வைத்தும் பிடிக்க ஏலாது.

1974 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இதுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. அந்த வருஷம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு அம்ப்ளிபயர் விளம்பரத்தில் வாட் சொல்வதென்றால் தொடர்ச்சியான சராசரி வலுவைச் சொல்ல வேண்டும். எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எந்த அலைவரிசையிலிருந்து எதுவரை, எத்தனை வீதத் திரிபோடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டீரியோ என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஓட வேண்டும். இதெல்லாம் அளக்க முதல், சொன்ன வலுவின் மூன்றில் ஒரு பங்கில் அம்ப் ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். தயாரிப்பாளர்களுக்குக் கசந்தது இந்தக் கடைசி நிபந்தனை. அன்றைய வீட்டு அம்ப்புகள் முழு வலுவில் ஓடும்போதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று நடுவில் ஓடும்போதுதான் அதிகம் சூடேறும். சூடு தாங்கிற உலோகத்தில் மிச்சம் பிடித்தவர்கள் மாட்டினார்கள்.

விதி பொய்யை நிறுத்தியது. போட்டியை நிறுத்தவில்லை, உண்மையில் உசுப்பிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் இப்போது இலக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அதனால் பெரிய இலக்கத்துக்கு உண்மையான மதிப்பு வந்துவிட்டது. ஜப்பான் கொம்பனிகள் உண்மையாகவே வாட்டை அடுக்கத் தொடங்கின. 1978 இல் பயனியரின் எஸ்.எக்ஸ். 1980 ரிசீவர் ஒரு பக்கத்துக்கு 270 வாட் தந்தது. எடை 35 கிலோவுக்கும் மேல். தனி ஆள் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். அழகான சாமான் என்பதில் சந்தேகமில்லை, இன்றைக்கும் அதைச் சேகரிக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனால் பத்தடி அறையில் அந்த 270 இல் பெரும்பகுதி ஒரு நாளும் வேலை செய்யப்போறதில்லை.

அதே 1978 இல்தான் என்.ஏ.டி. 3020 வந்தது. என்.ஏ.டி. என்பது 1972 இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். திட்டமிடுவது லண்டனில், உற்பத்தி தாய்வானில். இன்றைக்கு ஐபோன் வரை எல்லாம் இப்படித்தான் நடக்குது, எழுபதுகளில் அது அவ்வளவு வழக்கமில்லை. வடிவமைத்தவர் நோர்வேக்காரரான எரிக் எட்வர்ட்சன். வெளியே மங்கிய சாம்பல் நிறம், எஸ்.எக்ஸ். 1980 இன் மினுங்குகிற முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு கந்தோர்ச் சாமான் மாதிரி இருக்கும். பெட்டியில் எழுதியிருந்தது ஒரு பக்கத்துக்கு 20 வாட்.

எட்வர்ட்சன் கேட்ட கேள்வி வேறு. ஆய்வுகூடத்து மேசையில் ஒரு அம்ப்புக்கு முன்னால் வைப்பது அசையாத ஒரு 8 ஓம் தடை. வீட்டில் வைப்பது ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் ஓம் நிலையாக நிற்பதில்லை. 8 என்று எழுதியிருக்கும், சில சுரங்களில் 4க்குக் கீழே இறங்கும், அந்த இடத்தில் இரண்டு மடங்கு மின்னோட்டம் கேட்கும். இசையும் ஒரே மட்டத்தில் ஓடுகிற சாமான் இல்லை. மேளத்தில் ஒரு அடி, வயலின் வில்லின் ஒரு இழுப்பு, எல்லாம் ஒரு கணம் எகிறி அடங்கும். ஆகவே அம்ப்புக்குத் தேவை, நாள் முழுக்க 200 வாட் தருகிற தெம்பு இல்லை, அந்த ஒரு கணத்தில் மூச்சுமுட்டாமல் இருப்பது. 3020 தொடர்ச்சியாக 20 வாட். 20 மில்லிசெக்கன் அளவான குறுகிய எகிறலில் 8 ஓமில் 40, 4 ஓமில் 58, 2 ஓமில் 72.

இதை வாசிக்கிறபோது ஒரு கேள்வி வரும். கணப்பொழுது வாட்டைச் சொல்றதுதானே அந்தப் பழைய 'மியூசிக் பவர்' மோசடி? அதேதான். அறுபதுகளில் பொய் சொல்லப் பயன்பட்ட அதே அளவு. ஆனால் அப்போது தொடர்ச்சியான வலுவை மறைக்க அது பயன்பட்டது. இங்கே 20 என்று முதலில் ஒப்புக்கொண்ட பிறகு, பக்கத்தில் வைக்கப்பட்டது. எங்களுக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இதுதான். அளவு ஒன்றேதான், எதுக்குப் பக்கத்தில் எழுதுறம் என்பதில் அது உண்மையாகவோ பொய்யாகவோ மாறுது.

3020 இன் பின்பக்கத்தில் 'சொப்ட் கிளிப்பிங்' என்று ஒரு சின்ன சுவிட்ச். அம்ப்பால் தர ஏலாத அளவைக் கேட்டால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பு, ஸ்பீக்கரின் சின்னக் கூம்புக்கு ஆபத்து. அந்த சுவிட்ச் வெட்டை வளைவாக்கிவிடும். தன்னுடைய எல்லை எங்கே என்று தெரிந்து செய்த சாமான் அது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது என்று சொல்லப்படுகிறது. வாங்கியவர்களில் நிறையப் பேர் முதன்முதல் சம்பளம் எடுத்தவர்களும் எங்களைப் போல் மாணவர்களும்.

3020 தனியே வரவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்த ஜோன் டோசன் கூட்டாளிகளோடு 1976 இல் கொண்டுவந்த ஏ அண்ட் ஆர் ஏ60, 1983 இல் நெயிம் கொம்பனியின் 'நெயிட்' எல்லாம் அதே வழிதான். நெயிட் 15 வாட்கூட வராது, பேஸ், ட்ரெபிள் திருகிகூடக் கிடையாது. பிரித்தானிய வீடுகளின் அறைகள் சின்னன், பக்கத்து வீட்டுச் சுவர் பொதுச் சுவர். அந்தக் கட்டடங்களும் இந்த அம்ப்புகளைச் செய்தன என்பது எங்கட ஊகம்.

இனி எங்கட அறைக்கு வருவோம். கணக்கு லேசு. ஸ்பீக்கரின் பின்னால் 86 டெசிபெல் என்று போட்டிருந்தால், ஏறத்தாழ ஒரு வாட் குடுத்து ஒரு மீற்றரில் நின்றால் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். நாங்கள் இருப்பது இரண்டு மீற்றரில்: 6 குறையும். ஸ்பீக்கர் இரண்டு: 3 கூடும். ஆக ஒரு வாட்டில் 83. சுவர் திருப்பித் தருவதை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவு, பாட்டை நல்ல சத்தமாகக் கேட்பது 75 என்று வைப்போம். அதுக்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். இசை 15 டெசிபெல் எகிறினால் 5 வாட். 20 டெசிபெல் எகிறினால் 16 வாட். முடிஞ்சுது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். 40 வாட் அம்ப்பை விட்டு 60 வாட்டுக்குக் கூடக் காசு குடுக்கிறவர் வாங்குவது இரண்டு டெசிபெல்லுக்கும் குறைவு.

ஒரு வாட்டுக்குக் குறைவாகவா என்று நம்பிக்கை வராதவர்கள் யாழ்ப்பாணத்து மூத்த ஆக்களைக் கேட்கலாம். 1990 இல் கரண்ட் போன பிறகு, பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமானாக இருந்த வருஷங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோவும் கசெட்டும் கேட்ட தலைமுறை அது. சாதாரண சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட். அதில் ஒரு பகுதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். அதைச் சுற்றி வீட்டுக்காரர், அயலட்டை எல்லாரும் இருந்து கேட்டிருக்கினம். ஒருத்தர் மிதிக்க. அது தெரிவு இல்லை, நெருக்கடி, அதை அழகாக்கிப் பேச எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு வாட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கட மண்ணிலேயே சாட்சி இருக்கு.

இந்தக் கணக்குப் பிழைக்கிற இடமும் உண்டு. எழுபதுகளில் பி.பி.சி. தன்னுடைய வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்கென்று வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர், சின்ன அறைக்கென்றே பிறந்தது மாதிரி. ஆனால் அதன் உணர்திறன் 82, 83 டெசிபெல்தான். அதுக்கு மேலே சொன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாட் வேணும். அதனால் அம்ப்பைத் தெரிவு செய்வது என்பது ஸ்பீக்கரைத் தெரிவு செய்த பிறகு வருகிற வேலை. காசைப் பிரிக்கிறபோதும் ஸ்பீக்கருக்குப் பெரிய பங்கைக் குடுங்கோ.

இன்றைய நிலைமை விசித்திரமானது. 2000களின் நடுவில் ட்ரைபாத் கொம்பனியின் சிப்பை வைத்து, எட்டு டபிள்-ஏ பற்றரியில் ஓடுகிற ஒரு பிளாஸ்டிக் குட்டி அம்ப் வந்தது, விலை 40 டொலருக்கு உள்ளே. பெரிய சாமான் வைத்திருந்தவர்களே அதைக் கேட்டு வியந்தார்கள். இப்போது அதன் வாரிசுகள், கிளாஸ்-டி சிப் போட்ட உள்ளங்கை அளவுப் பெட்டிகள், ஒன்லைனில் மலிஞ்சு கிடக்கு. நல்ல சாமான்கள். ஏணி மட்டும் திரும்பி வந்துவிட்டது: பெட்டியில் '100 + 100 வாட்', கூட வருவது 12 வோல்ட் அடாப்டர். அதை நீங்களே பிடிக்கலாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்குங்கோ, 144. ஸ்பீக்கரின் ஓமின் இரண்டு மடங்கால், 16 ஆல், பிரியுங்கோ. 9. அந்த அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அலை வெட்டுப்படாமல் கிடைக்கக்கூடிய உச்சம் ஒரு பக்கத்துக்கு 9 வாட். 24 வோல்ட் அடாப்டர் என்றால் அதே கணக்கில் 36. சின்ன அறைக்கு 9உம் மோசமில்லை, ஆனால் நூறுக்கென்று காசு குடுக்காதேங்கோ. அமெரிக்க ஆணைக்குழு 2024 இல் தன்னுடைய பழைய விதியைத் திருத்த வேண்டி வந்ததும் இந்த இலக்க விளையாட்டால்தான். இனி 8 ஓமில், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, 1 வீதத்துக்கு மேற்படாத திரிபோடு அளந்ததைச் சொல்ல வேண்டும்.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு வேறு கவனம். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்து ரீகண்டிஷனாக வருகிற அம்ப்புகள் 100 வோல்ட். எங்கட 230 இல் நேரே குத்தினால் கதை முடிஞ்சுது, ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கோ. எழுபது, எண்பதுகளின் அம்ப் என்றால் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், மாற்றுகிற செலவு இருக்கு.

பழைய அம்ப்பில் திருகி ஒன்பது மணியிலேயே அறை அதிருது என்றால் அதைப் பவர் என்று நம்பவும் வேண்டாம். 1982 இல் சி.டி. வர முன்னர் செய்த அம்ப்புகள் ஒரு வோல்ட்டின் சின்னப் பங்கை எதிர்பார்த்துச் செய்தவை, சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். திருகியின் அடிப்பகுதியிலேயே எல்லாம் முடிஞ்சுவிடும். மலிவான திருகிகளில் அந்த அடிப்பகுதியில்தான் இடமும் வலமும் ஒன்றாக ஏறாது, ஒரு பக்கம் கூடக் கேட்கும். கடைக்காரர் உரக்கப் போட்டுக் காட்டுவார், அதில் இது தெரியவராது. குறைக்கச் சொல்லுங்கோ. பக்கத்து அறைக்காரர் நித்திரையாக இருக்கிறார் என்று நினைத்து, இரவு பதினொரு மணிக்கு நீங்கள் வைத்துக் கேட்கிற அளவுக்குக் குறைத்து, பாடுகிறவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்குதா, ஒரு பக்கம் ஒதுங்குதா என்று கேளுங்கோ.